அம்பத்தூரில் நின்றுகொண்டு வேறு நாட்டைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவர்களை எப்போதாவது கூப்பிட்டு, டீயும் சமோசாவும் கொடுத்து, "புதுசா வந்தவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "பூந்தமல்லி லிங்க் விட்டு விட்டு வந்துகினு இருந்துச்சு மச்சான். நாட்டை மாத்துனேன். இப்போ கல்லு மாதிரி நிக்குது." இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டீர்கள். நான் சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டேன். கேட்ட நாலு வார்த்தையைச் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். சொல்லியிருந்தால் நாலோடு நின்றிருக்காது, நல்ல வார்த்தையாகவும் இருந்திருக்காது. கோபம் ஆறட்டும் என்று சில நாள் விட்டு இதை எழுதுகிறேன். ஆறவில்லை என்பது படித்தால் தெரியும்.

நேற்றுதான் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கட்டடத்தை இன்னொன்றோடு வயர் இல்லாமல் இணைக்க மொட்டை மாடியில் நாம் மாட்டும் டிஷ்ஷோ, கடையில் வாங்கும் ரௌட்டரோ, முதல்முறை திறந்ததும் ஒரு கேள்வி கேட்கும்: எந்த நாடு? அலையை எவ்வளவு பலமாக அனுப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் ஓர் எல்லை உண்டு. நம் நாட்டைச் சொன்னால் கருவி நம் எல்லைக்குள் அடங்கி நடக்கும். எல்லை அதிகமாக உள்ள வேறு ஏதாவது ஒரு நாட்டைச் சொன்னால், அதுவும் நம்பிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தும். இதற்குத்தான் நம் தொழிலில் "நாட்டை மாத்துறது" என்று பெயர். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். லிங்க் அறுந்துபோகாமல் நிற்கும். கஸ்டமர் கை குலுக்குவார். நீங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்விடுவீர்கள்.

கேட்டால், "ஃப்ரீ பேண்ட் தானே மேடம்" என்பீர்கள். இந்த ஒரு பேச்சைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சில அலைவரிசைகளை உரிமம் வாங்காமல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் திறந்துவிட்டிருப்பது உண்மைதான். ஆனால் விதி அங்கே முடியவில்லை. இவ்வளவு பலத்துக்கு மேல் அனுப்பக் கூடாது, அடுத்தவருக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது, அடுத்தவரால் உனக்கு இடைஞ்சல் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும், பாதுகாப்பு கேட்டு வந்து நிற்கக் கூடாது என்று மீதியும் இருக்கிறது. உங்களுக்கு முதல் பாதி மட்டும்தான் கண்ணில் படுகிறது. உரிமம் வாங்கியவனுக்காவது அதைப் பறித்துவிடுவார்களே என்று பயம் இருக்கும். நம்மிடம் பறிப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் நமக்குக் கொஞ்சம் கூடுதலாக மானம் வேண்டும் என்கிறேன்.

எங்கள் ஊர் கோவில்பதாகையில் இன்ஜினியர் யாரும் இல்லாமலே இந்த வழக்கைத் தீர்த்து வைத்தார்கள். நாங்கள் பூசைக்குப் போகும் கத்தோலிக்கச் சிற்றாலயமும் அடுத்த தெருவில் இருக்கும் சபையும் ஒரே கடையில் ஒரே ரக வயர்லெஸ் மைக்கை வாங்கிவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாமியார் மறையுரையைத் தொடங்கி "அன்பார்ந்தவர்களே" என்றதும், எங்கள் ஸ்பீக்கரிலிருந்து அடுத்த தெருப் பாஸ்டர் "மனந்திரும்புங்கள்!" என்று முழங்கினார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அங்கே அவர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடியபோது எங்கள் பாட்டுக் குழு புகுந்து பாடியிருக்கிறது. கொஞ்ச நாள் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டார்கள். இன்னும் பலமான மைக்காக வாங்கி அவர்களை அமுக்கிவிடலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் இருந்தது. கடைசியில் சாமியாரும் பாஸ்டரும் டீக்கடையில் உட்கார்ந்து, நீங்கள் இந்தச் சேனல், நாங்கள் அந்தச் சேனல் என்று பேசி முடித்தார்கள். அதைவிடப் பெரிய தொழில்நுட்பம் எதையும் நான் என் வேலைக் காலம் முழுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

சரி, இது சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்று இருக்கிறது.

நான் ஃபீல்ட் வேலையில் இருந்த காலம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் ஒரு கம்பெனி. அங்கே கிரேன் ஓட்டியவர் ஞானசேகர். சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர், நல்ல உயரம், பேச்சு குறைவு. கிரேன் என்றால் ஷெட்டின் கூரைக்குக் கீழே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தண்டவாளத்தில் ஓடுவது. ஓட்டுகிறவர் கீழே தரையில் நின்று ரிமோட்டால் இயக்குவார். அந்த ரிமோட்களை விற்றதும் பராமரித்ததும் நம் கம்பெனிதான். அதனால் எனக்கு அவரை முகத்தளவில் தெரியும்.

ரிமோட்டும் நம் டிஷ் ஓடும் அதே திறந்த அலைவரிசையில்தான் ஓடுகிறது. கையில் இருக்கும் ரிமோட், மேலே கிரேனில் இருக்கும் பெட்டியிடம் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் ஒரு கணம் கேட்காவிட்டாலும் பெட்டி பிரேக்கைப் போட்டுவிடும். உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ரிமோட்டில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் கிரேன் நிற்கும், சிக்னல் போனாலும் கிரேன் நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஷெட்டில் கிரேன் நடு வழியில் நிற்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை, அவ்வப்போது. தொங்கும் லோடு திடீரென்று நின்றால் சும்மா நிற்காது, ஆடும். ஒரு நாள் மதியம் அப்படி ஆடிய ஒரு தகடு, பக்கத்தில் நின்ற ஃபிட்டரின் தோளில் இடித்து எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. ஞானசேகர், "நான் அமுக்கவே இல்ல" என்று சொன்னார். யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குச் சில வாரம் முன்னால், லோடு தொங்கும்போது சூப்பர்வைசரே அதன் கீழே குறுக்கே நடந்து போயிருக்கிறார். ஞானசேகர் சிவப்புப் பொத்தானை அமுக்கிக் கிரேனை நிறுத்திவிட்டு, "நீ அந்தாண்ட போனாதான் ஓட்டுவேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு வேண்டுமென்றே நிறுத்தியவன்தானே, இன்றைக்கும் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறான் என்று கதை கட்டிவிட்டார்கள். அவரை வேலையிலிருந்து தள்ளி வைத்து, உள் விசாரணைக்கும் ஏற்பாடு செய்தார்கள். சரியாகச் செய்த ஒரு வேலையைக் காட்டியே ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்குகிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

என்னைக் கூப்பிட்டார்கள். எதற்குத் தெரியுமா? கோளாறைக் கண்டுபிடிக்க அல்ல. கோளாறு இல்லை என்று சொல்ல.

அந்தக் கம்பெனி மேனேஜர் என்னை ஷெட்டின் மேற்குப் பக்கம் அழைத்துப் போனார். கீழ்நிலையிலிருந்து உழைத்து மேலே வந்தவர், அதில் பெருமையும் உண்டு. அவரே ஓர் ஆளிடம் ரிமோட்டைக் கொடுத்து லோடைத் தூக்கச் சொன்னார். தூக்கியது, இறக்கியது, நகர்ந்தது. வெகுநேரம் பார்த்தேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"அவ்ளோதான் மேடம். நாளைக்குக் காலைல விசாரணை. வெளியிலேர்ந்து ஒரு வக்கீல் வந்து விசாரிக்கிறாரு. நீங்க வந்து ரிமோட்ல கோளாறு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"அந்தப் பக்கம் ஓட்டிப் பார்க்கணும் சார்" என்று கிழக்குக் கோடியைக் காட்டினேன்.

"அங்க வெல்டிங் நடக்குது. இங்க ஓடுறது அங்க ஓடாதா? அதே கிரேன், அதே ரிமோட்."

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. சோதனையில் கருவி நன்றாக வேலை செய்தால், அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அவர்கள் காட்டிய இடத்தில், அவர்கள் காட்டிய நேரத்தில் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். "நான் பார்த்தது இது" என்பதற்கும் "கோளாறு இல்லை" என்பதற்கும் நடுவில் ஒருவருடைய பிழைப்பு மாட்டிக்கொண்டு கிடக்கும். அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டிய பதில் முன்பே தயாராக இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் வாயைத் திறக்க அவசரப்படாதீர்கள்.

"நாளைக்கு வர்றேன். என்ன சொல்லணுமோ அதை நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஞானசேகர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்தும் தினமும் வேலை நேரத்துக்கு வந்து நிற்பாராம்.

"எந்த இடத்துல நிக்குது ஞானசேகர்?" என்று கேட்டேன்.

"கெயக்கால கடைசில மேடம். அந்த மேல்ஜன்னலு கீது பாரு, அத்தாண்ட கிரேன் போவ சொல்லோ டக்குனு நின்னுடும். எப்பவும் இல்ல. மத்தியானத்துல ஜாஸ்தி. நான் இன்னா சொன்னாலும் யாரும் காதுல போட்டுக்க மாட்றாங்க."

"என்கிட்டச் சொல்லுங்க."

"நான் அமுக்கவே இல்ல மேடம். அவ்ளோதான் எனக்குத் தெரியும். அந்தாளு தோளு ஒடைஞ்சு கெடக்கறாரு. அவரு ஊட்டுக்குப் பாக்கப் போனேன். கதவத் தொறக்கல."

கிழக்குக் கோடிக்கு எதிரில், மதில் தாண்டி, ஒரு சரக்குக் கிடங்கு இருந்தது. அதுவும் நம் கம்பெனியின் கஸ்டமர்தான். வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன். ஏறியதும் கண்ணில் பட்டது ஒரு டிஷ். கள்ளிக்குப்பத்தில் அவர்களுக்கு இருந்த இன்னொரு கிடங்கை நோக்கி, அந்த ஷெட்டின் மேல்ஜன்னலை ஒட்டியே அது பார்த்துக்கொண்டிருந்தது. கையில் கொண்டுபோயிருந்த, அலையின் பலத்தை அளக்கும் மீட்டரை நீட்டினேன். அதில் வந்த அளவு நம் நாட்டில் எந்த நியாயத்திலும் வரக் கூடாத அளவு. அந்தக் கத்தலில் ரிமோட்டின் "இருக்கிறேன்" கிரேன் பெட்டிக்கு எப்படிக் கேட்கும்? டிஷ்ஷின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்தது நம் கம்பெனியின் பெயர்.

அந்த மாடியில் நின்றபோது எனக்கு வந்த கோபம் மாதிரி அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. போனை எடுத்துத் திலீப்பைக் கூப்பிட்டேன். என் டீமிலேயே கெட்டிக்காரர், ஆவடிக்காரர், அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"கிடங்கு மாடி டிஷ் நீ போட்டதா திலீப்?"

"ஆமாக்கா. சூப்பரா போய்கினு கீதே."

"எந்த நாட்டுல போய்கிட்டு இருக்கு?"

குரலைத் தாழ்த்தி, "நடுவுல ஒரு புளிய மரம் கீதுக்கா. சிக்னல் வரல. கஸ்டமர் பக்கத்துல நின்னுகினு கத்துறாரு. அதான் மாத்திட்டேன்" என்றார்.

"கம்பத்துல இன்னொரு குழாயைச் சேத்து உயர்த்தியிருந்தா மரத்துக்கு மேல போயிருக்காதா?"

"குழாய்க்குத் திரும்பக் கடைக்குப் போவணும்கா. எல்லாரும் இப்டிதான் மாத்திகினு கீறாங்க. நான் மட்டுமா?"

ஒரு குழாய். கடைக்குப் போக அலுப்பு. அதற்காக ஒருவர் தோள் உடைந்து கிடக்கிறார், இன்னொருவர் கேட்டுக்கு வெளியே நிற்கிறார். திலீப்பிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே போனிலேயே டிஷ்ஷை அணைத்துவிட்டார். அவர் குரல் மாறிவிட்டது. "அக்கா, எனக்கு அந்த ஷெட்டுல கிரேன் கீறதே தெரியாதுக்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தெரியாதுதான். தெரிந்துகொள்ள நினைக்கவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது எங்கள் பழைய முதலாளி எனக்காகக் காத்திருந்தார். கிடங்குக்காரர் கேமரா ஓடவில்லை என்று அதற்குள் அவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அந்த டிஷ்ஷில் கேமராப் படங்கள்தான் போய்க்கொண்டிருந்தன. மதியம் லாரிகள் வரும்போது ஆள் நடமாட்டம் அதிகம், படமும் அதிகம், டிஷ் கத்துவதும் அதிகம். ஞானசேகர் சொன்ன மதிய நேரத்துக்குக் காரணம் அது.

முழுவதையும் கேட்டுவிட்டு முதலாளி நிதானமாகச் சொன்னார். "ரெஜினா, தப்புதான். திலீப் காலைல முதல் வேலையா குழாயைப் போட்டு உயர்த்திடட்டும். பவரைக் குறைச்சுடலாம். அப்புறம் கிரேன் நிக்கவே போறதில்ல. எல்லாருக்கும் நல்லதுதானே? இதுல நாம போய் ஏன் நம்ம பேரைச் சொல்லிக்கணும்?"

"ஞானசேகர் கதி என்ன சார்?"

"அது அவங்க கம்பெனி விவகாரம்."

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். கோளாறைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அன்றைக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோசித்தேன். ஞானசேகரை வெளியே நிறுத்திவிட்டார்கள். நாங்கள் சத்தமில்லாமல் பவரைக் குறைத்துவிட்டால், அதன் பிறகு கிரேன் ஒருமுறைகூட நிற்காது. "பார்த்தீர்களா? அவன் போனதும் கிரேன் நிற்பதும் போய்விட்டது" என்பார்கள். நாங்கள் செய்யும் ரிப்பேரே அவருக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். அதை மறுக்க அந்த மனிதருக்கு இந்த ஜென்மத்தில் வழி இருக்காது.

"சார், குழாயை விசாரணை முடிஞ்ச பிறகுதான் போடணும்" என்றேன். "அதுவரைக்கும் டிஷ் ஆஃப்லயே இருக்கட்டும். காலைல நான் அங்க போய்க் காட்டப் போறேன்."

"காட்டினா ரெண்டு கஸ்டமரும் போயிடுவாங்க. புரியுதா?"

"புரியுது."

"திலீப்போட வேலையும் போகும். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கு."

இதுதான் என்னைத் தடுமாற வைத்தது. முதலாளி அது தெரிந்தேதான் சொன்னார். ஒருவர் பிழைப்பைக் காப்பாற்ற இன்னொருவர் பிழைப்பைப் பணயம் வைக்கிறாய் என்று என்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். நான் எழுந்துவிட்டேன். "திலீப் தப்பு பண்ணான், வேலை அவன் கையில இருக்கு. ஞானசேகர் தப்பே பண்ணல, கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க சார்" என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

திலீப்பிடம் போய் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். முதலாளி சொன்னபடி காலையில் குழாயைப் போடலாம். நான் சொன்னபடி மாடியில் போனோடு நின்று, நான் கூப்பிட்டதும் டிஷ்ஷைப் போட்டு எல்லாக் கேமராவையும் ஒன்றாக ஓடவிடலாம். "நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றேன். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் விசாரணை. ஷெட்டை ஒட்டிய அறையில் மேனேஜர், சூப்பர்வைசர், வெளியிலிருந்து வந்த வக்கீல், ஒரு ஓரத்தில் ஞானசேகர். துவைத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தார். நான் உட்காரவில்லை. "பேசி என்ன சார் ஆகப் போகுது? கிழக்குக் கோடியில ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போம்" என்று வக்கீலிடம் கேட்டேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் பார்க்கலாம் என்றுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கும் அலுத்திருக்கும்.

நான் மூன்று விஷயம் கேட்டேன். கிழக்குக் கோடியில் வெல்டிங்கை நிறுத்த வேண்டும். லோடு தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. யாரும் பக்கத்தில் வரக் கூடாது. கோடு கிழித்து எல்லாரையும் அதற்கு வெளியே நிறுத்தினேன்.

"யார் ஓட்டுறது?" என்று வக்கீல் கேட்டார்.

"நானே ஓட்டுறேன்" என்று மேனேஜர் ரிமோட்டை வாங்கிக்கொண்டார். "நான் ஓட்டாத கிரேனா? இங்கதான் ஆரம்பிச்சேன்." சங்கிலியில் ஒரு தகடு மெதுவாக எழும்பியது. கிரேன் மேல்ஜன்னலை நோக்கி நகர்ந்தது. சீராகப் போனது. மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பார்த்தீங்களா மேடம்? ஓட்டுறவன் ஒழுங்கா இருந்தா கிரேனும் ஒழுங்கா இருக்கும்."

நான் போனைக் காதில் வைத்து, "திலீப், போடு" என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கிரேன் போய்க்கொண்டே இருந்தது. சூப்பர்வைசர் சிரிப்பை மறைக்கக் கையை வாயில் வைத்துக்கொண்டார். திலீப் மாடியில் இருக்கிறாரா, இல்லை குழாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "போட்டுட்டேன்கா" என்றது ஒரு குரல்.

கிரேன் ஓர் உதறு உதறி நின்றது. தகடு முன்னும் பின்னும் ஆடியது.

மேனேஜர் ரிமோட்டை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அலறினார். "நான் அமுக்கவே இல்ல! நான் எதையும் அமுக்கல!"

வாரக்கணக்காக ஒருவர் சொல்லிக்கொண்டிருந்த அதே பேச்சு அது. எல்லாரும் ஞானசேகரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தகட்டை. வேடிக்கை பார்க்கிற ஆசையில் சூப்பர்வைசரும் வக்கீலும் கோட்டைத் தாண்டி வந்துவிட்டிருந்தார்கள்.

"சார், அவங்கள அந்தாண்ட போவச் சொல்லு சார். ஆடிகினு கீது" என்றார்.

திலீப்பிடம் அணைக்கச் சொன்னேன். கிரேன் மறுபடி ஓடியது. போடச் சொன்னேன், நின்றது. வக்கீல் போதும் என்று சொல்லும் வரை காட்டினேன். அந்தச் சில நிமிடங்களுக்கு விதியை மீறச் சொன்னது நான்தான். அதற்காக நான் வெட்கப்படவில்லை. எங்கள் கம்பெனி மாட்டிய டிஷ்தான் காரணம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதற்கு வெட்கப்பட்டேன்.

ஞானசேகரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. "நாளையிலேர்ந்து வா" என்றார்கள், அவ்வளவுதான். ஏதோ அவர்தான் லீவில் போயிருந்த மாதிரி. முதலாளி பயந்தபடி கஸ்டமர் யாரும் போகவில்லை, திலீப்பின் வேலையும் போகவில்லை. அன்று மதியமே அவர் குழாயைச் சேர்த்து, நம் நாட்டைப் போட்டு, பவரைக் குறைத்தார். மரத்துக்கு மேலே லிங்க் சுத்தமாகப் போனது. முதலில் இருந்தே போயிருக்கும். என்னை மட்டும் ஃபீல்டிலிருந்து எடுத்து, ஸ்டோர் ரூமில் கேபிள் எண்ணும் வேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் மாலை போடுவார்கள் என்று யாரும் உங்களை ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

விசாரணை முடிந்து கேட்டுக்கு வெளியே வந்தபோது ஞானசேகர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு உற்சாகத்தில், "முதல்ல வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க" என்றேன். அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சொல்லணும் மேடம்" என்றார். "எவன் எவனோ இன்னா இன்னாவோ சொன்னான். எனக்கு ஒண்ணும் ஆவல. ஒரு நாளு சோறு போட்டுகினே என் ஊட்டுக்காரி கேட்டா. 'நெசமாலுமே நீ அமுக்கலியா?'ன்னு. இல்லன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு கொழம்பு ஊத்துனா. ஆனா கேட்டுட்டா இல்ல மேடம்?"

திலீப் பவரைக் குறைத்தது போனில் விரலை வைத்து நகர்த்திய ஒரு வேலை. அந்தக் கேள்வியை அந்த வீட்டிலிருந்து யார் எடுப்பது?

அதனால்தான் பூந்தமல்லி லிங்க்காரரே, உங்களிடம் கேட்கிறேன். நீங்கள் கையைத் தட்டிக்கொண்ட அந்த டிஷ் எந்த ஷெட்டைத் தாண்டிப் போகிறது, அங்கே யார் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. கண்டுபிடிக்கும் வரை அந்த ஆள் யாரிடமோ "நான் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். நாளைக்குக் காலையில் ஒரு குழாயை வாங்கிக்கொண்டு மாடி ஏறுங்கள். எந்த நாடு என்று டிஷ் கேட்கும். நீங்கள் நின்றுகொண்டிருக்கும் நாட்டைச் சொல்லுங்கள்.